கேட் படிப்பது என்றால் எதைப் படிப்பது? மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு மாணவருக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இது: ‘பி.இ. மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். காலேஜ் கேட் லேபில் கொடுத்த டிராயிங்கைப் பார்த்து அப்படியே போட்டு, பிரிண்ட் எடுத்து ரெக்கார்டில் ஒட்டச் சொல்கிறார்கள். வெளியே ஒரு சென்டரில் ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ், கிரியோ, கேட்டியா, ஆன்சிஸ் ஐந்தும் சேர்த்து ஆறு மாத டிப்ளமா என்கிறார்கள். அப்பா பணம் கட்டத் தயாராக இருக்கிறார். சேரலாமா? எந்த சாஃப்ட்வேர் படித்தால் வேலை கிடைக்கும்?’

தம்பி, முதலில் ஒரு சின்ன விளக்கம். தமிழில் ‘கேட்’ என்று எழுதினால் வாசல் கேட்டா, எம்.டெக். சேர எழுதும் பரீட்சையா, இல்லை என்னைக் கேள்வி கேட்கச் சொல்கிறேனா என்று குழம்பும். இங்கே கேட் என்றால் CAD, அதாவது கணினி வழி வடிவமைப்பு மட்டும்தான்.

சென்டருக்கு இப்போது போக வேண்டாம். கடைசி ஆண்டில் தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம், அதுவும் ஒரே ஒரு சாஃப்ட்வேருக்கு. நான் கோவையில் பம்ப் டிசைனில் ஆரம்பித்தவன். இப்போது வண்டி உதிரிபாகங்கள் பக்கம் வந்துவிட்டேன், புதுப் பட்டதாரிகளை இன்டர்வியூ செய்யும் வேலையும் சேர்ந்துவிட்டது. பயோடேட்டாவில் ஐந்து சாஃப்ட்வேர் பெயர் இருக்கும். ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் கொடுத்து, மேஜைமேல் இருக்கும் பேரிங் ஹவுசிங்கின், அதாவது பேரிங் உட்காரும் கூட்டின், குறுக்குவெட்டுத் தோற்றத்தைக் கையால் போடச் சொல்வேன். பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். போடுகிறவர்களில் சிலர் நடுவில் பலத்துக்காக வரும் மெல்லிய சுவரான ரிப்புக்கும் சேர்த்துச் சாய்கோடு (ஹாட்ச்சிங்) இழுத்துவிடுவார்கள். வெட்டுத்தளம் ரிப்பின் நீளவாக்கில் போனால் அதற்கு ஹாட்ச்சிங் போடக் கூடாது, போட்டால் அந்த இடம் முழுக்கக் கெட்டியான உலோகம் என்று பார்ப்பவர் நினைத்துவிடுவார் என்பது முதலாண்டுப் பாடத்தை ஒட்டிய விஷயம்தான். கம்ப்யூட்டரில் ஒரு பட்டனை அழுத்தினால் செக்‌ஷன் வந்துவிடுவதால் அந்த இடத்தை அவர்கள் யோசித்ததே இல்லை.

முதலாண்டில் டிராஃப்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்ப் போட்ட இன்ஜினியரிங் கிராபிக்ஸை ‘பாஸ் ஆனால் போதும்’ என்று எல்லோரும்தான் கடந்திருப்போம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் அதற்கு அடுத்து மூன்றாம் செமஸ்டரில் கம்ப்யூட்டர் எய்டட் மெஷின் டிராயிங் வரும். தன்னாட்சிக் கல்லூரிகளில் பெயரும் செமஸ்டரும் கொஞ்சம் மாறலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் விழும் பள்ளம்தான் பெரிய சிக்கல். தட்டையான மூன்று தோற்றங்களைப் பார்த்ததும் மனதுக்குள் முப்பரிமாணப் பொருள் எழ வேண்டும். அது எழாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் ஊன்றுகோல் ஆகிவிடுகிறது. பொருளைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துக்கொள்கிறார்கள். மெஷின் ஷாப்பில் ஆபரேட்டர் கையில் இருப்பது அநேகமாக ஒரு பிரிண்ட் தாள். அதைச் சுழற்றினால் தாள்தான் சுழலும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் எஸ்பி 46 என்ற கையேட்டை ஒட்டி நம் கல்லூரிகளில் முதல் கோண வீழ்ப்புதான், அதாவது மேல்தோற்றத்தை முன்தோற்றத்துக்குக் கீழே வைக்கும் முறைதான் சொல்லித்தருகிறார்கள். அமெரிக்க வாடிக்கையாளரிடமிருந்து வரும் டிராயிங் மூன்றாம் கோணத்தில் இருக்கும், அதில் தோற்றங்களின் இடம் நேர்மாறு. டைட்டில் பிளாக்கின் மூலையில் இருக்கும் அந்தச் சின்னக் கூம்புக் குறியைப் பார்க்காமல் படித்தால் வலது கைப் பாகம் இடது கைப் பாகமாகச் செய்யப்பட்டு வரும். அளவெல்லாம் மைக்ரான் சுத்தமாக இருக்கும், ஆனால் பாகம் மாட்டாது. சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டு வேலை எடுத்துச் செய்யும் அலுவலகங்களில் முதல் வாரமே இந்தக் குறியைப் பற்றித்தான் பாடம் எடுப்பார்கள்.

சரி, சாஃப்ட்வேருக்கு வருவோம்.

ஆட்டோகேட் 1982 கடைசியில் வந்தது. அடிப்படையில் அது டிராயிங் போர்டின் வேலையைத் திரைக்குக் கொண்டுவந்தது. கோடு போட்டால் கோடு, அந்தக் கோட்டுக்கு வேறெதுவும் தெரியாது. 1980களின் பிற்பகுதியில் வந்த புரோ-இன்ஜினியர், அதாவது இன்றைய கிரியோவின் மூதாதை, ஆட்டத்தை மாற்றியது. அதில் நீங்கள் வரைவது அளவுகளாலும் உறவுகளாலும் கட்டிய ஒரு செய்முறை. அளவை மாற்றினால் அந்தச் செய்முறை முதலிலிருந்து ஓடிப் புது வடிவத்தைத் தரும். 1995இல் வந்த சாலிட்வொர்க்ஸ் இதே எண்ணத்தை விண்டோஸ் கம்ப்யூட்டருக்குள் மலிவாகக் கொண்டுவந்தது. என்எக்ஸ், சாலிட் எட்ஜ், இன்வென்டர், ஃப்யூஷன், ஃப்ரீகேட் எல்லாமே இந்தக் குடும்பம்தான். அதனால்தான் ஒன்றை ஆழமாகப் படித்தவருக்கு அடுத்தது வருவதற்குச் சில வாரங்கள் போதும். சாலிட்வொர்க்ஸ், என்எக்ஸ், சாலிட் எட்ஜ் மூன்றுக்கும் உள்ளே வடிவக் கணக்கைச் செய்யும் இயந்திரம் ஒன்றே, பாராசாலிட் என்று பெயர். மெனு எங்கே இருக்கிறது என்பதுதான் மாறுகிறது. சென்டர்கள் காசு வாங்கிக்கொண்டு சொல்லித்தருவது பெரும்பாலும் அந்த மெனுவை.

சொல்லித்தராத ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த நான்கு வருடத்தில் கேட் என்று நீங்கள் படிக்க வேண்டியது இதுதான்.

ஒரு பேரிங் ஹவுசிங் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே 6205 பேரிங். உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மி.மீ. ஹவுசிங்கில் பேரிங் உட்காரும் 52 மி.மீ. துளை (போர்), அதைச் சுற்றி மூடியைப் பிடிக்க நான்கு எம்6 துளைகள். துளைகளின் மையங்கள் 68 மி.மீ. வட்டத்தில். இதை லேபில் கொடுத்தால் எல்லோரும் இருபது நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். திரையில் பார்க்க எல்லாருடையதும் ஒன்றுபோல இருக்கும். ரெக்கார்டில் எல்லோருக்கும் பத்துக்குப் பத்து.

இப்போது நான் வந்து, ‘பளு கூடிவிட்டது, 6206 போடுங்கள்’ என்கிறேன். 6206க்கு உள்விட்டம் 30, வெளிவிட்டம் 62, அகலம் 16. போரை 62 ஆக்குகிறீர்கள். 68 என்று வெறும் எண்ணைத் தட்டியவரின் மாடலில் துளை வட்டம் அதே 68இல் நிற்கும். எம்6 மரை போட 5 மி.மீ. டிரில் ஓட்டுகிறோம். துளை விளிம்பிலிருந்து போர் விளிம்புவரை முன்பு 5.5 மி.மீ. சுவர் இருந்தது, இப்போது அரை மில்லிமீட்டர். வார்ப்பிரும்பில் அரை மில்லிமீட்டர் சுவர் விட்டால் மரை போடும்போதே பெயர்ந்து விழும். சாஃப்ட்வேர் எந்த எச்சரிக்கையும் தராது, ஏனென்றால் ஜியோமெட்ரியில் தப்பில்லை. துளை வட்டத்தை ‘போர் விட்டம் கூட்டல் 16’ என்று எழுதியவரின் மாடலில் வட்டம் தானாக 78க்கு நகர்ந்திருக்கும், சுவர் அதே 5.5இல் நிற்கும். வெளிச்சுவரையும் போரிலிருந்து இத்தனை தள்ளி என்று கட்டியிருந்தால் அதுவும் கூடவே வரும். அச்சின் உயரம் மட்டும் அடித்தளத்திலிருந்து அதே அளவில் நிற்க வேண்டும், ஏனென்றால் மோட்டார் அச்சு மாறவில்லை. எது நகரலாம், எது நகரக் கூடாது, எது எதைப் பார்த்து நகர வேண்டும் என்று வரைவதற்கு முன்பே முடிவெடுத்தாக வேண்டும். வடிவமைப்பு நோக்கம் என்று நாங்கள் சொல்வது அந்த முடிவுகளைத்தான்.

உங்கள் லேபில் கொடுக்கும் ஒவ்வொரு பயிற்சிக்கும் இந்தச் சோதனையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வரைந்து முடித்ததும் முக்கியமான ஓர் அளவைக் கால் பங்கு கூட்டுங்கள். பாதிப் பேரின் ஃபீச்சர் மரம், அதாவது வரைந்த படிகளின் பட்டியல், பிழைக்குறிகளால் சிவப்பாகப் பூத்துவிடும். ஒரு ஃபில்லட்டின் (மூலையை உருட்டிய வளைவின்) விளிம்பைப் பிடித்து அடுத்த ஸ்கெட்ச்சை வைத்திருப்பீர்கள், ஃபில்லட் மாறியதும் அந்த விளிம்பே காணாமல் போயிருக்கும். அலங்கார ஃபில்லட்டுகளையும் சேம்பர்களையும் (சாய்வாகச் சீவிய விளிம்புகளையும்) கடைசியில் போடு, ஸ்கெட்ச்சைப் பொருளின் விளிம்பில் தொங்கவிடாமல் அடிப்படைத் தளங்களில் நிறுத்து என்று பழைய ஆட்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். சார் சொன்னபோது எனக்கும் விளங்கவில்லை, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாற்பது பிழைச் செய்திகளோடு உட்கார்ந்தபோதுதான் விளங்கியது.

அடுத்தது, வரைந்ததைச் செய்ய முடியுமா என்பது. என் முதல் வருடக் கதை ஒன்று. ஒரு பம்புக்கு பிராக்கெட் வரைந்தேன். எடையைக் குறைக்கிறேன் என்று பக்கவாட்டில் அழகாக ஒரு குழி வெட்டியிருந்தேன். திரையில் சிலைபோல இருந்தது. வார்ப்புக்காக மண்ணில் பதிக்கும் மாதிரியான பேட்டர்னைச் செய்யும் பெரியவரிடம் டிராயிங் போனது. அவர் தாளைப் பார்த்துவிட்டு, ‘ஏனுங் தம்பி, இந்தப் பேட்டர்ன மண்ணுக்குள்ள வெச்சுப்போட்டு எப்படி வெளிய எடுக்கறதுங்?’ என்றார். குழி, பேட்டர்னை இழுக்கும் திசைக்குக் குறுக்கே இருந்தது. எடுத்தால் மண் அச்சு உடையும், இல்லையென்றால் குழிக்கென்று தனியாக ஒரு மண் கட்டி, அதாவது கோர், வைக்க வேண்டும். நான் மிச்சம் பிடித்த இரும்பின் விலையைவிடக் கோர் செலவு அதிகம். அவர் கேட்டைத் தொட்டதே இல்லை. அன்றிலிருந்து காஸ்டிங் எதை வரைந்தாலும் மண் அச்சின் இரண்டு பாதியும் பிரியும் பார்ட்டிங் லைன் எங்கே என்று முதலில் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை. செங்குத்துச் சுவர்களுக்கு ஒன்றிரண்டு டிகிரி சாய்வு வேண்டும். சாம்பல் வார்ப்பிரும்பு ஆறும்போது சுமார் ஒரு சதவீதம் சுருங்கும், 300 மி.மீ. பாகத்துக்கு பேட்டர்ன் 303 இருக்க வேண்டும். இதெல்லாம் உங்கள் மேனுஃபேக்சரிங் பாடத்தில் வரும். கேட் லேப் ஒரு மாடி, அந்தப் பாடம் வேறு மாடி என்று வைத்திருப்பதால் இரண்டும் சந்திப்பதே இல்லை, அவ்வளவுதான்.

தகடு வேலையிலும் இப்படித்தான். 2 மி.மீ. தகட்டை 2 மி.மீ. உள்ஆரத்தில் 90 டிகிரி மடக்கினால், கே-ஃபேக்டர் (மடக்கும்போது நீளம் மாறாத அடுக்கு தடிமனில் எங்கே இருக்கிறது என்ற விகிதம்) 0.44 என்று வைத்துக்கொண்டால், வளைவு எடுத்துக்கொள்ளும் நீளம் 4.52 மி.மீ. சாஃப்ட்வேர் தட்டையாக விரித்துக் காட்டும், ஆனால் அந்த 0.44ஐக் கொடுக்க வேண்டியவர் நீங்கள். அது தகட்டையும் பிரஸ் பிரேக் டையையும் பொறுத்தது. சரியான எண் அந்தப் பட்டறையில் ஒரு துண்டை மடக்கி அளந்தால்தான் கிடைக்கும்.

டாலரன்ஸ், அதாவது ஓர் அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற வரம்பு. இந்த விஷயத்தில் மாணவர்கள் மீது எனக்குக் கோபமே உண்டு. ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடத்துக்கு ‘25’ என்று எழுதிவிட்டு விடுகிறார்கள். டைட்டில் பிளாக்கில் பொது டாலரன்ஸ் ஐஎஸ்ஓ 2768 மீடியம் என்று போட்டிருந்தால், அந்த 25க்கு அர்த்தம் 24.8 முதல் 25.2 வரை எதுவும் சரி. லேத் ஆபரேட்டர் 24.85க்குக் கடைந்து அனுப்புவார், அவர் மேல் தப்பே இல்லை. பேரிங் அதில் லொடலொட என்று ஆடும். அங்கே எழுத வேண்டியது 25 கே6, அதாவது 25.002 முதல் 25.015 வரை. சாதாரணத் தர பேரிங்கின் துளை 24.990 முதல் 25.000 வரை இருக்கும். எந்த இரண்டைச் சேர்த்தாலும் ஷாஃப்ட் கொஞ்சம் பெரிதாக இருந்து இறுக்கிப் பிடிக்கும். ஹவுசிங் பக்கம் 52 எச்7, அதாவது 52.000 முதல் 52.030. அங்கே வெளிவளையம் நகர்ந்து உட்காரக் கொஞ்சம் இடம் வேண்டும். ஏன் உள்ளே இறுக்கம், வெளியே தளர்வு? சுழல்வது உள்வளையம் என்பதால். பளு அதன்மேல் சுற்றிச் சுற்றி வரும், தளர்வாக இருந்தால் ஷாஃப்டின் மேல் ஊர்ந்து ஊர்ந்து தேய்த்துவிடும். முப்பரிமாண மாடலில் இரண்டுமே துல்லியமாக 25.000தான், அசெம்பிளியில் கச்சிதமாகப் பொருந்தி நிற்கும். மாடலைப் பார்த்து இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது. மெஷின் டிராயிங் பாடத்தின் தொடக்கத்தில் வரும் ஃபிட்ஸ் அண்ட் டாலரன்ஸை ‘தியரிதானே’ என்று தாண்டிப் போகாதீர்கள் என்பது இதனால்தான்.

தியரி என்றதும் கேட் தியரி பேப்பர் ஞாபகம் வருகிறது. பலருக்கு அரியர் விழும் பேப்பர். மேட்ரிக்ஸ் பெருக்கல், பெசியே வளைவு, பி-ஸ்ப்லைன், பி-ரெப், சிஎஸ்ஜி. ‘பட்டன் அழுத்தினால் வருவதை எதற்குக் கணக்காகப் போட வேண்டும்’ என்று நானும் கேட்டவன்தான். காரணம் இருக்கிறது.

1963இல் எம்ஐடியில் ஐவன் சதர்லாந்து ஸ்கெட்ச்பேட் என்ற ஆய்வேட்டைக் கொடுத்தார். ஒளிப் பேனாவால் திரையில் கோடு போட்டு, இந்த இரண்டும் இணை, இவை இரண்டும் சம நீளம் என்று கட்டளை கொடுத்தால் படம் தானே சரிசெய்துகொள்ளும். இன்று ஸ்கெட்ச்சில் நீங்கள் கொடுக்கும் கன்ஸ்ட்ரெயின்ட் எல்லாவற்றுக்கும் அதுதான் மூலம். அதே காலகட்டத்தில் பிரான்சில் கார் கம்பெனிக்காரர்கள் வேறொரு தொல்லையோடு போராடிக்கொண்டிருந்தார்கள். காரின் மேற்பரப்பை மாஸ்டர் மாடலிலிருந்து தகட்டை அழுத்தும் டைக்கு எடுத்துப் போகும்போது ஒவ்வொரு கையிலும் வடிவம் கொஞ்சம் மாறியது. சிட்ரோயனில் பால் த காஸ்டெல்ஜோ 1959 வாக்கில் ஒரு வழி கண்டார், கம்பெனி அதை ரகசியமாக வைத்துக்கொண்டது. ரெனோவில் பியேர் பெசியே 1960களில் தன் வழியை வெளியே எழுதினார். அதனால் வளைவுக்கு அவர் பெயர். முதலில் கண்டவரின் பெயர் அந்த வளைவைக் கணக்கிடும் முறையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரகசியம் காத்ததில் யாருக்கு லாபம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பெசியே வளைவில், வளைவை இழுத்துப் பிடிக்கும் ஒரு கட்டுப்பாட்டுப் புள்ளியை நகர்த்தினால் வளைவு முழுவதும் கொஞ்சமாவது அசையும். பி-ஸ்ப்லைனில் அந்த இடத்தைச் சுற்றி மட்டும் அசையும். பம்பின் நத்தைக்கூடு போன்ற உறையான வால்யூட்டையோ மிக்சி ஜார் கைப்பிடியையோ வரையும்போது ஒரு முனையைத் திருத்தினால் மறுமுனை ஏன் கெடுகிறது என்பதற்கு விடை இந்த இரண்டு வரியில் இருக்கிறது. இன்னொன்று, ஆய்லர் சூத்திரம். கனசதுரத்துக்கு 8 முனை, 12 விளிம்பு, 6 முகம். 8 − 12 + 6 = 2. நடுவில் ஒரு சதுரத் துளை ஊடுருவிப் போனால் 16, 24, 10. கூட்டிக் கழித்தால் அப்போதும் 2 வருகிறது, ஆனால் மேலும் கீழும் இரண்டு முகங்களில் உள்வளையங்கள் வந்துவிட்டதால் சூத்திரத்தில் அவற்றையும் துளையையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. ‘திடப்பொருள் தவறானது’, ‘ஜீரோ திக்னஸ் ஜியோமெட்ரி’ என்றெல்லாம் சாஃப்ட்வேர் அடம்பிடிப்பது இந்த மாதிரிக் கணக்கு உள்ளே உடையும்போதுதான். இது தெரிந்தவர் எங்கே திருத்துவது என்று நேராகப் போவார். தெரியாதவர் ஃபைலை மூடித் திறந்து பார்ப்பார்.

அனாலிசிஸ், அதாவது பாகம் பளுவைத் தாங்குமா என்று கம்ப்யூட்டரில் கணக்கிடுவது பற்றிச் சுருக்கமாக. ஆன்சிஸில் நீலமும் சிவப்புமாக ஒரு படம் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் இருந்தால் மதிப்பெண் வரும். இன்டர்வியூவில் நான் கேட்பது ஒன்றுதான்: கையால் போட்ட கணக்கு எங்கே? ஒரு முனை பிடிக்கப்பட்ட எஃகுப் பட்டை, 200 மி.மீ. நீளம், 20 அகலம், 5 தடிமன், நுனியில் 100 நியூட்டன். ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் சூத்திரத்தில் போட்டால் நுனி 6.4 மி.மீ. தாழும். சாஃப்ட்வேர் 64 என்றோ 0.64 என்றோ சொன்னால் அலகிலோ பிடிமானத்திலோ தப்பு. கூர்மையான உள்மூலையில் வரும் சிவப்பையும் நம்பாதீர்கள். மெஷ்ஷை (கணக்குக்காகப் பாகத்தைப் பிரிக்கும் சின்னத் துண்டுகளை) நுணுக்க நுணுக்க அங்கே ஸ்ட்ரெஸ் ஏறிக்கொண்டே போகும், நிற்கவே நிற்காது. உண்மைப் பாகத்தில் அங்கே ஏதோ ஒரு ஆரம் இருக்கும், மாடலில் அது இல்லை.

ஒரே சாஃப்ட்வேரின் இரண்டு பதிப்புகளே எவ்வளவு பெரிய வம்பைக் கொடுக்கும் என்பதற்கு ஏர்பஸ் ஏ380 கதை இருக்கிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் கேட்டியாவின் 4ஆம் பதிப்பு, பிரான்சின் துலூஸில் 5ஆம் பதிப்பு. ஒரு விமானத்துக்குள் ஓடும் மின்கம்பிகள் 500 கிலோமீட்டருக்கு மேல். ஹாம்பர்க்கிலிருந்து வந்த உடற்பகுதிகளில் கம்பிக் கட்டுகளை இழுத்து மாட்டினால் நீளம் போதவில்லை. வளைவுகளில் கம்பி எடுத்துக்கொள்ளும் நீளம் இரண்டு இடத்திலும் ஒன்றாக ஒத்துப் போகவில்லை. 2006இல் டெலிவரி தள்ளிப்போய், தலைமைப் பதவியில் இருந்தவர்களே மாறினார்கள். எல்லா சாஃப்ட்வேருக்கும் பொதுவான ஸ்டெப் ஃபைலாக மாற்றி அனுப்பினால் உங்கள் உறவுகளும் செய்முறையும் போய்விடும், வெறும் வடிவம் மட்டுமே மறுபக்கம் போய்ச் சேரும் என்பதைப் படிக்கும்போதே ஒருமுறை செய்து பாருங்கள். உங்கள் ஃபைலை நண்பனின் வேறு சாஃப்ட்வேரில் திறந்து அளவை மாற்றச் சொல்லுங்கள். அவன் திணறுவதைப் பார்த்தாலே விளங்கிவிடும்.

அப்படியானால் எந்த சாஃப்ட்வேர்? பெரிய கார் கம்பெனிகளும் அவர்களுக்கு வேலை செய்யும் சேவை நிறுவனங்களும் பெரும்பாலும் கேட்டியா, என்எக்ஸ், கிரியோ என்று போகும். கோவைப் பக்கம் பம்ப், மோட்டார், டூல் ரூம், சின்ன எந்திரத் தயாரிப்பு என்றால் சாலிட்வொர்க்ஸும் ஆட்டோகேடும் அதிகம் கண்ணில் படும். ஆனால் இரண்டாம் ஆண்டிலேயே கம்பெனியைத் தீர்மானித்துக்கொண்டு சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுப்பது, மாப்பிள்ளை பார்க்கும் முன்னே பந்தல் போடுவது மாதிரி. உங்கள் கல்லூரி லேபில் எது இருக்கிறதோ அதை எடுங்கள், சந்தேகம் கேட்க ஆள் இருக்கும். வீட்டு லேப்டாப்புக்கு ஆட்டோடெஸ்கின் ஃப்யூஷன், இன்வென்டர் மாணவர்களுக்கு இலவசம், சீமென்ஸின் சாலிட் எட்ஜுக்கும் இலவச மாணவர் பதிப்பு உண்டு. லேப்டாப் பழசு என்றால் ஆன்ஷேப் பிரவுசரிலேயே ஓடும். எந்த உரிமமும் வேண்டாம் என்றால் ஃப்ரீகேட். 2024 நவம்பரில் அதன் 1.0 பதிப்பு வந்தபின், முகத்தின் பெயர் மாறி மாடல் உடையும் பழைய தலைவலி நிறையக் குறைந்திருக்கிறது. கிராக் போட்ட சாஃப்ட்வேர் மட்டும் வேண்டாம். கல்லூரியில் யாரும் கேட்க மாட்டார்கள்தான், ஆனால் அந்தப் பழக்கத்தோடு கம்பெனிக்குள் வந்து ஆபீஸ் கம்ப்யூட்டரில் கை வைத்தால் உரிம நோட்டீஸ் கம்பெனி பெயருக்கு வரும்.

கல்லூரி முடிவதற்குள் முழுதாகச் செய்ய வேண்டிய வேலை என்று ஒன்றைச் சொல்வதானால் இதைச் சொல்வேன். பழைய இரும்புக் கடையில் ஒரு குழாய் வால்வோ, ஓடாத அரை எச்பி மோனோபிளாக் பம்போ வாங்குங்கள். முழுக்கக் கழற்றுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, முதலில் கையால் ஸ்கெட்ச் போடுங்கள். பிறகு மாடல், அசெம்பிளி, பாக வாரியாக டிராயிங், பொருள் பட்டியல். அளக்கும்போது 24.97 என்று வந்தால் வரைந்தவர் மனதில் இருந்தது என்ன என்று யோசியுங்கள், 25தான் தேய்ந்திருக்கிறதா, இல்லை வேண்டுமென்றே குறைத்திருக்கிறார்களா? அந்த டிராயிங்கை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கும் ஒரு லேத் பட்டறைக்குப் போய், ‘அண்ணா, இத வெச்சு இந்த ஷாஃப்டக் கடைய முடியுமா?’ என்று கேளுங்கள். டீ வாங்கிக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் ஒரு செமஸ்டர் பாடம் நடக்கும். சென்டர் அளவில்லாமல் எப்படிப்பா பிடிக்கிறது, இந்த மூலையில் டூல் எப்படிப் போகும், எதிலிருந்து அளந்து பார்ப்பது என்று அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் உங்கள் டிராயிங்கில் விட்டுப்போன ஒரு முடிவு.

கல்லூரியில் பாஹா, ஃபார்முலா பாரத் போன்ற மாணவர் வண்டிப் போட்டிகளுக்கு வண்டி கட்டும் குழு இருந்தால், டிரைவராகத்தான் வருவேன் என்று அடம்பிடிக்காமல் சஸ்பென்ஷனிலோ பிரேக்கிலோ ஒரு பிராக்கெட்டை உங்கள் பொறுப்பில் எடுங்கள். நீங்கள் வரைந்தது வெல்டிங் ஆகி, போல்ட் துளை ஒட்டாமல், ராத்திரி பதினோரு மணிக்கு ரவுண்டு ஃபைலை எடுத்து ராவும்போது டாலரன்ஸ் என்றால் என்ன என்று கைக்கே தெரியும். ஃபார்முலா பாரத் கோவை கரி ஸ்பீட்வேயிலேயே நடந்துவருகிறது, போட்டியில் இல்லாவிட்டாலும் ஒருநாள் போய்ப் பாருங்கள். மற்ற கல்லூரிப் பிள்ளைகள் எந்தப் பாகத்தை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று கூச்சமில்லாமல் கேட்டால் சொல்வார்கள்.

இன்டர்வியூவுக்கு வரும்போது சர்டிபிகேட் ஃபைலோடு, அந்தக் கழற்றிய பம்பின் டிராயிங் பிரிண்ட்டுகளைக் கொண்டுவாருங்கள், லேத்காரர் சிவப்புப் பேனாவில் கிறுக்கிய பிரதியையும் சேர்த்து. நான் அதைத்தான் முதலில் எடுப்பேன். எதை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று அரை மணி நேரம் பேச விஷயம் இருக்கும். சாஃப்ட்வேர் எங்களுடையது வேறாக இருந்தால் நாங்கள் சொல்லித்தருவோம்.

அப்பாவிடம் பணத்தைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். அதில் ஒரு சின்னப் பங்கு மட்டும் இப்போது வேண்டும். 150 மி.மீ. வெர்னியர் ஒன்று, 0 முதல் 25 வரை அளக்கும் மைக்ரோமீட்டர் ஒன்று. டிஜிட்டல் வேண்டாம், கோடு பார்த்துப் படிக்கும் சாதாரணமானதே போதும். வாங்கும்போது கடையிலேயே கருவியின் வாயை மூடிப் பூஜ்யம் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.